சின்னமேளம்

சின்னமேளம்: பின்னாளில் பரதநாட்டியம் எனப் பெயர்பெற்ற சதிராட்டத்துக்கு வாசித்த இசைக்குழு. ஆடும் பெண்ணையும் சேர்த்தே இப்பெயரால் குறிப்பதும் உண்டு. நாகசுரமும் தவிலும் கொண்ட கோயில் மேளம் பெரியமேளம். ஆட்டத்துக்கான மேளம் சின்னமேளம். இரண்டும் பெரும்பாலும் இசை வேளாளர் குடும்பங்களின் தொழில். தஞ்சாவூர், புதுக்கோட்டை வட்டாரங்களில் இக்குழுக்கள் கோயில் திருவிழா, அரண்மனை, செல்வர் வீட்டுத் திருமணம் ஆகியவற்றில் வாசித்தன.

குழுவின் தலைவர் நட்டுவனார். கையில் தாளம், வாயில் சொற்கட்டு. அவருடன் ஒரு பாடகர், மத்தளம் அல்லது மிருதங்கம், முகவீணை, சுருதிக்குத் துத்தி ஆகியவை சேரும். முகவீணை நரம்புக் கருவி அன்று. நாகசுரத்தைச் சுருக்கிச் செய்தது போன்ற ஊதுகருவி. துத்தி காற்று நிரப்பிய தோற்பை. பிற்காலத்தில் வயலினும் கிளாரினெட்டும் வந்தன. துத்தியின் இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்தது.

இக்குழு உட்கார்ந்து வாசிக்கவில்லை. மிருதங்கக்காரர் கருவியைத் துணியால் இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். ஆடுபவள் முன்னே போனால் மேளமும் முன்னே போகும், பின்வாங்கினால் பின்வாங்கும். நட்டுவனார் அவள் தோளுக்குப் பின்னால் ஓரடி தள்ளிச் சொற்கட்டைச் சொல்லியபடி நடப்பார். பழைய ஓவியங்களிலும் நிழற்படங்களிலும் இந்த நிலையைக் காணலாம். ஆடுபவள் அசையாமல் நிற்க, அவள் பின்னால் நான்கைந்து ஆண்கள் தலைப்பாகையுடன் நெருங்கி நிற்கும் படங்களே மிகுதி. பெண்ணின் பெயர் சில படங்களில் உண்டு. பின்னால் நிற்பவர் பெயர் அநேகமாக எதிலும் இல்லை.

தொன்மை: ஆடலுக்கென வகுத்த குழு தமிழில் மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை அடுக்கிச் சொல்கிறது; எந்தக் கருவி எதைத் தொடர வேண்டும் என்பதும் அதில் உண்டு. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கோயிற்பணி செய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர், முன்பிருந்த ஊர், வீட்டு எண் ஆகியவற்றுடன் பதிந்து, நட்டுவம் செய்வோருக்கும் கருவி இசைப்போருக்கும் பங்கு ஒதுக்குகிறது. இவர்களிடமிருந்து சின்னமேளத்துக்கு நேர்வழி உண்டா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அடுத்த பல நூற்றாண்டுகளுக்குச் செய்தி மிகக் குறைவு.

தஞ்சை மராத்தியர் காலம்: இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பாண்டு வாத்தியமும் சதிரும் அருகருகே ஒலித்தன. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் அக்காலத்தவர். முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்ற இவர்கள் அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரையிலான நிகழ்ச்சி வரிசையை ஒழுங்குபடுத்தினர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. முழுக்க அவர்களே வகுத்தார்களா, முன்பிருந்ததைச் செப்பம் செய்தார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரண்மனையோடு ஏற்பட்ட மனத்தாங்கலால் தஞ்சையை விட்டுத் திருவிதாங்கூர் சென்றனர் என்பர். அங்கே மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

தென்னக இசைக்கு வயலினை முதலில் கொண்டுவந்தவர் யார் என்பது தீராத வழக்கு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் என்பது ஒரு சாரார் கூற்று. வடிவேலுவைச் சொல்வோரும், தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த வராகப்பையரைச் சொல்வோரும் உண்டு. கிளாரினெட்டைச் சின்னமேளத்தில் சேர்த்தவர் மகாதேவ நட்டுவனார் என்று கூறப்படுகிறது. அக்கருவி பாண்டு வாத்தியத்திலிருந்து வந்திருக்கலாம். முகவீணையின் கூர்மையான ஒலிக்குப் பழகிய காதுகள் அதைச் சிரமமின்றி ஏற்றிருக்க வேண்டும். பாண்டு மெட்டுகளும் உள்ளே வந்தன. அவற்றுக்கு ஆடும் உருப்படிக்கு ‘நோட்டு’ என்று பெயர்.

ஐரோப்பிய நடன இசை வேறு மண்ணில் வேர்விட்டு வேறொன்றாகும் இக்கதை தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. கியூபாவில் அவ்வாறு உருவான தன்சோன் 1879இல் மத்தான்ஸாஸ் நகரில் மிகேல் ஃபைல்தே குழுவினரால் அரங்கேறியது. பின்னர் குழலும் வயலின்களும் முன்னிற்கும் சரங்கா குழுக்கள் எழுந்தன. அவற்றுள் 1939இல் சியன்ஃபுவேகோஸ் நகரில் தொடங்கிய அராகோன் குழு, தலைமுறை மாறியும் மேடையை விடவில்லை. சின்னமேளத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

1838 ஐரோப்பியப் பயணம்: சின்னமேளக் குழு ஒன்றைப் பற்றிய விரிவான பதிவு இந்த ஓராண்டுக்கு உள்ளது, அதுவும் பாரிஸ், லண்டன் பத்திரிகைகளின் தயவால். தார்திவெல் என்னும் பிரெஞ்சு வணிகர் புதுச்சேரிப் பகுதியிலிருந்து ஒரு குழுவை ஒப்பந்தம் செய்து கப்பலேற்றினார். குழுவினர் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்தவர் எனக் கருதப்படுகின்றனர். ஆடியவர் ஐவர்: திலம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம். பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் திரிந்து கிடைப்பதால் இவ்வடிவங்கள் ஊகமே. திலம்மாள் மூத்தவர், வேதம் சிறுமி. உடன் சென்ற இசைக்காரர் மூவர். நட்டுவனார் இராமலிங்கம் தாளம் தட்டினார். தேவநாயகம் மத்தளம் வாசித்தார். சவரணம் என்று எழுதப்பட்டவர் ஊதுகருவிக்காரர்.

1838 ஆகஸ்டில் பாரிஸின் வரியெத்தே அரங்கிலும் அவ்வாண்டே லண்டனின் அடெல்ஃபி அரங்கிலும் இவர்கள் ஆடினர். கவிஞர் தியோஃபீல் கோத்தியே அம்மணியின் அழகைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் சிறு உருவமாக வார்த்தார். மேளத்தைப் பற்றி எழுதப்பட்டது குறைவு, எழுதியதிலும் பெரும்பகுதி கேலி. மெல்லிசைக்குப் பழகிய காதுக்கு அது இரைச்சலாகப் பட்டது. ஆயினும் அந்தக் குறிப்புகளிலிருந்தே ஒரு செய்தி தெளிவாகிறது: தேவநாயகம் கருவியை இடுப்பில் கட்டியபடி, ஆடுபவளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு, அவளோடு சேர்ந்தே நகர்ந்தார். மேளம் நின்று வாசித்த முறைக்கு அயலார் தந்த தொடக்ககாலச் சாட்சியங்களுள் இதுவும் ஒன்று. ஊருக்கு மீண்ட பின் இவர்கள் என்னவானார்கள் என்பது பதிவில் இல்லை. அம்மணி ஐரோப்பாவிலேயே இறந்தாள் என்ற செய்தியும் உண்டு. அது கோத்தியேவின் எழுத்தை ஒட்டியது, வேறு சான்றால் உறுதிப்படவில்லை.

புதுக்கோட்டை வட்டாரம்: தஞ்சை அரண்மனைக்கும் புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்கும் இடைவழியில் இருப்பது கந்தர்வக்கோட்டை. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும்வரை அது தஞ்சை மாவட்டத்து ஊர். இரு பக்கத்து நட்டுவனார்களும் இவ்வழியே சென்றிருக்கலாம். ஆனால் இவ்வூரின் சின்னமேளம் பற்றி எழுத்துச் சான்று கிடைக்கவில்லை. மாவட்டத்தில் விராலிமலை முருகன் கோயில் மரபே நன்கறியப்பட்டது. அங்கு முப்பத்திரண்டு பெண்கள் பணியில் இருந்தனர் என்பர். அவர்களுள் கடைசியானவர் முத்துக்கண்ணம்மாள். அவருடைய தந்தை இராமச்சந்திர நட்டுவனாரே அவருக்கு ஆசிரியர்.

இருபதாம் நூற்றாண்டு: புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சென்னைச் சட்டமன்றத்தில் போராடினார், 1947இல் அவ்வழக்கம் சென்னை மாகாணத்தில் சட்டப்படி ஒழிந்தது. அப்போராட்டம் நடந்த ஆண்டுகளில் வழக்கறிஞர் இ. கிருஷ்ணையர் முயற்சியால் சதிர் சென்னை மியூசிக் அகாடமி மேடையேறியது: 1931இல் சதிர் மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்கள் ஆடினர். பின்னர் கலைக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ஆடுபவருக்கு நேர்ந்ததைப் பற்றி நூல்கள் பல. வாசித்தவருக்கு நேர்ந்தது சில வரிகளே: கோயில் மானியமும் வீட்டுக் கச்சேரியும் நின்றபோது நட்டுவனார்கள் பலர் நகரத்துக்குப் போய் ஆசிரியராயினர், முகவீணைக்காரர்களுக்கு அந்த வழியும் திறக்கவில்லை.

மேளத்தை மேடையின் பக்கவாட்டில் உட்காரவைத்தவர் யார் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 1935இல் அடையாற்றில் ஆடி, 1936இல் கலாக்ஷேத்திரம் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவியைப் பலர் குறிப்பிடுவர். நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆசிரியர் கந்தப்பப் பிள்ளையின் பெயரும் சொல்லப்படுகிறது. ஒலிபெருக்கி வந்த காலமும் அதுவே என்பதால், யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மேளம் உட்கார்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது. கிளாரினெட் மெல்ல விலக்கப்பட்டு, குழல் முன்வந்தது. பாலசரஸ்வதியின் குழுவில் மட்டும் கிளாரினெட் நெடுநாள் நீடித்தது. அவருடைய அன்னை ஜயம்மாளின் பாட்டோடு அது இழைந்து வந்ததைக் கேட்டவர்கள் பிற்காலக் குழுக்களில் அதைத் தேடியதுண்டு.

தஞ்சை நால்வர் வழிவந்த கே.பி. கிட்டப்பா பிள்ளை (1913–1999) குடும்பச் சுவடிகளிலிருந்து உருப்படிகளைத் திரட்டி ‘பொன்னையா மணிமாலை’யை 1961இல் வெளியிட்டார். பெரிய கோயிலில் ஆடப்பட்டு வந்து வழக்கொழிந்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சிக்கும் அவர் மீண்டும் உயிர் தந்தார்.

நையாண்டி மேளத்தோடு உறவு: கந்தர்வக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்று ஆட்டத்துக்கு வாசிப்பது நையாண்டி மேளம். நாகசுரம், தவில், பம்பை முதலியன கொண்ட இக்குழு கரகம், காவடி, பொய்க்கால் குதிரை ஆகியவற்றுக்கு வாசிக்கிறது. இங்கே வாசிப்பவர் உட்காருவதில்லை. ஆடுபவரோடு எதிர் நின்று, போட்டிக்கு இழுத்து, கூடவே நகர்கிறார்கள். சின்னமேளத்தின் நிலை இதில் எஞ்சியிருக்கிறதா, இது தனி மரபா என்பது ஆய்வுக்குரியது.

அண்மைக் காலம்: நாட்டிய நிகழ்ச்சிகளில் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், குழல் என்பது வழக்கமான குழு, செலவு கருதிப் பதிவிசைக்கு ஆடுவதும் பெருகியுள்ளது. விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கோயில் உருப்படிகளோடு பாண்டு மெட்டில் அமைந்த நோட்டையும் அவர் நினைவில் வைத்திருந்து பாடிக் காட்டியிருக்கிறார்.