மூளைக்கும் காவல் உண்டு

ரிங்லெட் தேயிலைத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் எங்களிடம் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு: "கை நடுக்கத்துக்கு மூளையிலே புது அணு வைக்கிறாங்களாமே, எங்க அப்பாவுக்கும் வைக்கலாமா ஐயா?" ஒரு சொல்லில் விடை சொல்லக் கூடிய கேள்வி அன்று.

பெரட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், செக்ரோலில் பெயர் இல்லாதவருக்கு வேலை இல்லை. நம் இரத்தத்து வெள்ளணுக்களும் இப்படித்தான். ஒவ்வோர் உயிரணுவின் மேலும் உள்ள அடையாளத்தைப் பார்த்து, அயலது என்றால் அழித்துவிடும்.

1943இல் பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்சனும் கிளாஸ்கோவில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். சில நாள் பிடித்திருந்து அழிந்தது. மறுபடி ஒட்டியதோ இன்னும் விரைவில் அழிந்தது. கூடப் பிறந்தவரின் தோலுக்கே அந்தக் கதி! ஒரு முறை கண்ட அயலாரை உடம்பு மறப்பதுமில்லை.

மூளை மட்டும் இதற்கு விலக்கு என்று பலர் எண்ணியிருந்தார்கள். 1948இல் மெடவார் முயல்களின் மூளையில் அயல் தோலை வைத்தார். அது தப்பிப் பிழைத்தது. ஆனால் முன்பே உடம்பில் அயல் தோல் ஒட்டப்பட்ட முயல்களில், மூளையில் வைத்ததும் அழிந்தது. காவற்காரன் இல்லாத வீடன்று அது. காவற்காரன் தூங்கும் வீடு. யாராவது எழுப்பிவிட்டால் போதும்.

எலும்பு மச்சையைப் பொறுத்தவரை காவல் கடுமையானது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. கூடப் பிறந்த ஒருவரின் அடையாளம் முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். வெளியாரிடம் தேடினால், நம் இனத்தாரிடமே கிடைக்க வாய்ப்பு மிகுதி. 2009இல் சென்னையில் 'தாத்ரி' என்னும் கொடையாளர் பதிவேடு அதற்காகவே எழுந்தது.

மூளைக்கு வருவோம். 1987இல் சுவீடனின் லுண்ட் நகரில், கருக்கலைப்பில் கிடைத்த மூளைத் திசுவை நடுக்குவாத நோயாளிகளுக்கு வைத்தார்கள். எதிர்ப்பைத் தணிக்க மருந்தும் கொடுத்தார்கள். பிறகு 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, எலியின் தோலணுவைக் குருத்தணுவாக மாற்றினார். வாழைக் குருத்துப்போல, எதுவாகவும் வளரக் கூடிய அணு அது. கியோத்தோவில் கொடையாளர் சிலரின் அணுக்களைக் கொண்டு ஒரு சேமிப்பு உண்டாக்கினார்கள். ஜப்பானியரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு அது பொருந்தும் என்பது கணக்கு. நம் தமிழருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அத்தகைய குருத்தணுவிலிருந்து வளர்த்த நரம்பணுக்களை 2018 முதல் கியோத்தோவில் ஏழு நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். அவர்களுக்கும் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. 2025இல் முடிவுகள் வெளிவந்தன: பெரிய தீங்கில்லை, சோதித்துப் பார்த்த ஆறு பேரில் நால்வருக்கு உடலசைவு ஓரளவு தேறியிருந்தது. எங்களுக்கு இது மகிழ்ச்சியே. ஆனாலும் ஏழு பேர் ஏழு பேர்தாம்.

அண்மையில் ஒரு தகப்பனார், குருத்தணுச் சிகிச்சை என்று அச்சிட்ட விளம்பரத் தாளை எங்களிடம் கொண்டுவந்தார். கட்டணம் கொட்டை எழுத்தில் இருந்தது. யாருடைய அணு, அடையாளம் பார்த்தார்களா, தணிக்கும் மருந்து எத்தனை மாதம் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.