வெள்ளோட்டத்தில் பிடிக்கும் தீ

புதுத்தேர் செய்து முடித்தவுடன் சாமியை ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்து விடுவதில்லை. முதலில் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் ஒழுங்காய்த் திரும்புகிறதா என்று கண்ட பிறகுதான் திருவிழா. இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கு வெள்ளி ரதம் போவதைப் பார்த்து வளரும் நம் மலாக்காப் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

காரும் மோட்டார் சைக்கிளும் செய்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். விற்பனைக்கு விடுமுன் சில மாதிரி வண்டிகளைக் கட்டி, வெயிலிலும் மழையிலும் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரகடத்தில் இதற்கென்றே ஓடுபாதைகளுடன் ஓர் ஆராய்ச்சி மையம் உண்டு. இப்படி ஓட்டிப் பார்க்கையில் சில வண்டிகள் தீப்பிடித்து எரிவதும் உண்டு. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தீ அங்கே பிடித்தால் நல்லது என்றே நான் சொல்வேன். வெள்ளோட்டத்தை அரைகுறையாய் விட்டால் அந்தத் தீ எங்கே போய்ப் பிடிக்கிறது என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது.

ஹோண்டா என்றால் நம்மில் யாருக்குத் தெரியாது? அலோர் காஜா பக்கம் பெகோவில் அவர்களுடைய கார்த் தொழிற்சாலையே இருக்கிறது. அந்தக் கம்பெனியை உண்டாக்கிய சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு ஒரு பிடிவாதம்: இஞ்சினைத் தண்ணீரால் குளிர்விக்க வேண்டாம், காற்றே போதும் என்பது. அந்த எண்ணத்தில் 1968-ல் ஆர்.ஏ.302 என்ற பந்தயக் காரைக் கட்டினார்கள். பாரம் குறைய வேண்டும் என்று உடம்புக்கு மக்னீசியம் போட்டார்கள். மக்னீசியம் எப்படி எரியும் என்பதை ஆறாம் படிவ மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்! பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அடங்காது.

இங்கிலாந்துக்காரர் ஜோன் சர்ட்டீஸ் அதை ஓட்டிப் பார்த்தார். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உலகச் சாம்பியன் ஆனவர் அவர் ஒருவர்தான். 'இந்த வண்டி இன்னும் தயாராகவில்லை, நான் இதில் பந்தயத்துக்குப் போகமாட்டேன்' என்று சொல்லிவிட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1968 ஜூலை 7-ஆம் தேதி பிரான்சில் ரூவான் நகரப் பந்தயத்துக்கு அதே காரை இறக்கினார்கள். ஓட்டியவர் ஜோ ஷ்லெஸ்ஸர், வயது 40. மழை. டாங்கி நிறைய பெட்ரோல். இரண்டு சுற்று முடிந்து மூன்றாவது சுற்றில் கார் பாதையை விட்டு விலகி மோதியது. மக்னீசியமும் பெட்ரோலும் சேர்ந்து எரிந்ததில் அவர் அங்கேயே மாண்டார். அதே பந்தயத்தில் சர்ட்டீஸ், தண்ணீரால் குளிரும் பழைய ஹோண்டாவை ஓட்டி இரண்டாவதாக வந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த ஆண்டு முடிவில் ஹோண்டா பந்தயத்தை விட்டு விலகியது. 1972-ல் வந்த சிவிக் காரில் தண்ணீரால் குளிரும் இஞ்சின்தான் இருந்தது. மறு ஆண்டே பெரியவர் பதவியிலிருந்து இறங்கிவிட்டார்.

இனி நம் ஆட்கள் ஊருக்கு வருவோம். மின்சார ஸ்கூட்டருக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. பல சின்னச் சின்ன செல்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டி அது. ஒரு செல்லுக்குள் கோளாறு ஏற்பட்டுச் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும், அதிலிருந்து அடுத்ததற்கு. தீயை விட அதிலிருந்து வரும் நச்சுப்புகை பொல்லாதது. பெட்ரோல் விலை ஏறிய நேரத்தில் இந்தியாவில் பல கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இந்த வண்டிகளை இறக்கின. 2022 மார்ச் கடைசியில் வேலூர் அருகே ஒரு வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த புது ஸ்கூட்டர் எரிந்தது. தகப்பனாரும் 13 வயது மகளும் புகையில் மூச்சடைத்து இறந்துபோனார்கள். நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை விட ஒரு வயதுதான் மூத்தவள்! அதே வாரத்தில் புனேயில் ஒன்று, மணப்பாறையில் ஒன்று, சென்னையில் ஒன்று என எரிந்தன. ஏப்ரலில் ஒக்கினாவா கம்பெனி 3,215 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும், பியூர் ஈ.வி. 2,000 வண்டிகளையும் திரும்பக் கூப்பிட்டுச் சோதித்தன. விற்ற பிறகு நடந்த வெள்ளோட்டம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அரசாங்கச் சோதனை அதற்கு முன்பும் இல்லாமல் இல்லை. ஆனால் அது போதவில்லை.

இதற்கு நேர்மாறாக அமெரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். 2011 மே மாதம், விற்பனைக்கு வந்து சில மாதமே ஆன ஷெவர்லே வோல்ட் காரை அரசாங்கமே வேண்டுமென்று கம்பத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பிறகு ஓரமாய் நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, சும்மா நின்ற கார் தானே தீப்பற்றிப் பக்கத்து வண்டிகளையும் சேர்த்து எரித்தது. உள்ளே ஆள் இல்லை. பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம் கசிந்ததைக் கண்டுபிடித்து, பேட்டரியைச் சுற்றியிருந்த சட்டத்தைப் பலப்படுத்தினார்கள். ஒரு காயமும் இல்லாமல் கிடைத்த பாடம்.

வேலூருக்குப் பிறகு இந்தியாவில் விதிகள் இறுகின. 2022 டிசம்பர் 1-லும் 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. ஒரு செல்லின் கோளாறு பெட்டி முழுவதும் பரவுகிறதா என்று சோதிப்பதும் அதில் சேர்ந்தது. நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை விற்பனைக்கு விட்டது. மின்சார ஸ்கூட்டர், சைக்கிள் வாங்கியிருக்கும் பெற்றோர்கள் இரவில் படுக்கையறைப் பக்கமோ, வெளியே ஓட வேண்டிய வாசலிலோ அதைச் சார்ஜில் போட வேண்டாம். கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறெதையும் மாட்டவும் வேண்டாம்.