இரும்பு வண்டியும் தகர வண்டியும்

"அந்தக் காலத்து அம்பாசிடர் மாதிரி வருமா சார்? அது இரும்பு. இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா." பார்க்கிங்கில் ஒரு கார் லேசாக உரசி பம்பர் நசுங்கினால் போதும், இந்தப் பேச்சு வந்துவிடும். நீங்களும் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள்.

இதை 2009-இல் அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் சாலைப் பாதுகாப்புக்காக 1959-இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கின. அதன் 50-ஆம் ஆண்டில், 1959-ஆம் வருட செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ஆம் வருட செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். ஒரே கம்பெனி, இரண்டும் குடும்பக் கார்கள், எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றின் வேகமும் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர்.

பழைய கார்தான் ஜெயிக்கும் என்று நினைக்கிறீர்களா? பெல் ஏரின் முன்கண்ணாடி கழன்று பறந்தது. ஸ்டியரிங் பின்னால் வந்து, ஓட்டுநர் இடத்தில் இருந்த மனித பொம்மையின் தலையில் இடித்தது. மனிதராக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முகப்பு அப்பளமாக நொறுங்கியது. ஆனால் உள்ளே ஆள் உட்காரும் இடம் குலையவில்லை. காலில் காயத்தோடு தப்பியிருப்பார்.

காரணம் எளியது. மோதலின் வேகத்தை ஏதாவது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். முகப்பு நசுங்கி வாங்காவிட்டால், அது உள்ளே இருப்பவர் உடம்புக்கு வரும். முன்பகுதி நசுங்க வேண்டும், நடுக்கூண்டு உறுதியாக நிற்க வேண்டும் என்று யோசித்தவர் மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி. அந்த அமைப்புள்ள கார் 1959-இல் வந்தது. அதே ஆண்டில்தான் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்று முனை சீட் பெல்ட்டும் கார்களில் வந்தது. மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று அந்தக் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது.

2014 வரை தயாரான நம் அம்பாசிடரோ 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டது. தாராளமான இருக்கை, எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்யும் எளிமை எல்லாம் உண்மை. ஆனால் கனமான தகடு மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெல்ட் போடாவிட்டால் இந்த அறுபது வருட முன்னேற்றத்தில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை. குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவது இன்னும் ஆபத்து. ஏர்பேக் விரியும் வேகத்தை அந்தச் சின்ன உடம்பு தாங்காது. 2019 சட்டத் திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

இன்று மாலை உங்கள் காரின் பின்கதவைத் திறந்து பாருங்கள். பெல்ட் மாட்டும் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தால், முதலில் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.