'வேண்டுமென்றே': ஒரு சொல், இரண்டு நீதிமன்றங்கள்

ஜூலைக் கடைசி வாரத்தில் எந்த ஆடிட்டர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "டிடிஎஸ்தான் பிடிச்சிட்டாங்களே சார், ரிட்டர்ன் வேற போடணுமா?" கேட்பவர் வரி ஏய்ப்பவர் அல்ல. சம்பளத்திலேயே வரி போய்விட்டது, அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நம்புகிறவர். வரி கட்டுவது ஒரு கடமை, வருமானம் இவ்வளவு என்று சொல்வது வேறொரு கடமை. இரண்டாவதில் மட்டும் தவறியவரையும் சட்டம் சிறைக்கு அனுப்பலாம். இந்தியாவிலும் அப்படித்தான், அமெரிக்காவிலும் அப்படித்தான். இரண்டு சட்டங்களும் வைக்கும் நிபந்தனைகூட ஒன்றுதான்: அவர் 'வேண்டுமென்றே' தவறியிருக்க வேண்டும். அந்த எண்ணம் மனத்தில் இருந்ததா இல்லையா என்று நிரூபிக்க வேண்டியவர் யார் என்ற இடத்தில்தான் இரு நாடுகளும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன.

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்திய வழியை நன்றாகவே பார்த்திருக்கிறோம். ஜெயலலிதாவும் சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த சசி எண்டர்பிரைசஸ் நிறுவனம் 1991-92, 1992-93 மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை. 1993-94க்கு இருவரும் தனிப்பட்ட முறையிலும் தாக்கல் செய்யவில்லை. வருமான வரித் துறை 276சிசி பிரிவின் கீழ்க் குற்ற வழக்குத் தொடுத்தது. அது எழும்பூர் நீதிமன்றத்தில் கிளம்பி, மேலே போய், ஆண்டுக்கணக்கில் சுற்றி, 2014 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது.

அங்கே வைக்கப்பட்ட வாதங்கள் எந்த ஆடிட்டருக்கும் பழக்கமானவையே. வருமானம் எவ்வளவு என்ற மதிப்பீடே இன்னும் இறுதியாகவில்லை, அதற்குள் குற்ற வழக்கு எதற்கு? நிறுவனத்தின் கணக்கு முடியாமல் பங்குதாரரின் கணக்கை எப்படி முடிப்பது? உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. தாக்கல் செய்ய வேண்டிய நாளில் செய்யாததோடு குற்றம் முழுமையடைகிறது. மதிப்பீடு எந்த நிலையில் கிடந்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நிறுவனக் கணக்கு முடியவில்லை என்றால் அதைக் குறிப்பிட்டே ரிட்டர்ன் போட்டுவிட்டுப் பிறகு திருத்தியிருக்கலாமே என்றது தீர்ப்பு. விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்கவும் உத்தரவிட்டது.

தீர்ப்புக்கு முதுகெலும்பு 278இ பிரிவு. 1986இல் சேர்க்கப்பட்டது. குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. அதையும் ஏதோ ஓரளவுக்குக் காட்டினால் போதாது, சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். கொலை வழக்கில் அரசுத் தரப்பின் தலையில் இருக்கும் அதே சுமை, இங்கே ரிட்டர்ன் போடாதவரின் தலைக்கு மாறுகிறது. எனக்கு இது அளவு மீறிய ஏற்பாடாகவே படுகிறது. மறந்துபோனதை ஒருவர் எந்த ஆவணத்தைக் காட்டி நிரூபிப்பார்?

அமெரிக்க வழியைப் பார்க்க ஒரு விமானியின் வழக்கு போதும். சீக் என்பது அவர் பெயர். 1979 வரை ஒழுங்காகத் தாக்கல் செய்துவந்தவர், பிறகு நிறுத்திவிட்டார். உழைத்து வாங்கும் கூலி 'வருமானம்' ஆகாது என்று போதித்த ஒரு கூட்டத்தின் பேச்சைக் கேட்டு, அதை அப்படியே நம்பியதாகச் சொன்னார். ரிட்டர்ன் போடாததற்கும் ஏய்ப்புக்கும் சேர்த்து அவர்மீது வழக்குப் பாய்ந்தது. நம்பிக்கை உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று ஜூரிக்குச் சொன்னார் விசாரணை நீதிபதி. தண்டனை கிடைத்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் அதை ரத்து செய்தது. சட்டம் தன்மீது ஒரு கடமையை வைத்திருக்கிறது என்று தெரிந்தும் மீறினால்தான் 'வேண்டுமென்றே'. தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டியது அரசு. ஒருவரின் நம்பிக்கை எவ்வளவு அசட்டுத்தனமானதாக இருந்தாலும், அவர் மனதார அதை நம்பியிருந்தால் குற்ற எண்ணம் இல்லை. அது உண்மையான நம்பிக்கையா, நடிப்பா என்று ஜூரி எடைபோடட்டும். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு கண்ணியும் இருந்தது. 'வருமான வரிச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம்' என்று வாதாடுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டத்தைப் படித்துப் பார்த்துத்தானே அது செல்லாது என்கிறார்!

பண விஷயத்தில் படம் தலைகீழ். நம்மூரில் ஜூலை 31ஐத் தவறவிட்டு டிசம்பர் 31க்குள் போட்டால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி. அமெரிக்காவில் கட்டாத வரியில் மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை. 10 லட்சம் ரூபாய் வரியை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் தூங்கியவருக்குத் தாக்கல் தாமதத்துக்காக மட்டும் இங்கே சுமார் 55,000. அந்த விகிதப்படி அங்கே இரண்டரை லட்சம். ஆனால் இங்கே கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. பங்குச் சந்தையிலோ வியாபாரத்திலோ அடிபட்டவர் கெடு தாண்டித் தாக்கல் செய்தால், அந்த இழப்பை அடுத்த ஆண்டுகளின் லாபத்தில் கழிக்க முடியாது. 5,000 ரூபாய்க்கு முணுமுணுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

கால வரம்பில் இன்னொரு குறுக்குக் கணக்கு. ரிட்டர்ன் போடாத ஆண்டுக்கு வரி விதிக்க அமெரிக்காவில் கெடுவே இல்லை. தாக்கல் செய்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். குற்ற வழக்குக்கோ ஆறு ஆண்டுதான் வரம்பு. இந்தியாவில் விடுபட்ட வருமானத்தைத் தோண்டி எடுக்க, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து அதிகபட்சம் ஐந்தே கால் ஆண்டுக்குள் நோட்டீஸ் வந்தாக வேண்டும். குற்ற வழக்கைத் தொடுக்கத்தான் கெடு இல்லை. பொருளாதாரக் குற்றங்களுக்குக் கால வரம்பு பொருந்தாது என்று 1974இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே பணம் துரத்திக்கொண்டே இருக்கும், இங்கே வழக்கு.

கிரீன் கார்டோடு சென்னைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். அந்த அட்டை கையில் இருக்கும்வரை, மயிலாப்பூர் வாடகையையும் சேர்த்து அமெரிக்காவுக்குச் சொல்லியாக வேண்டும்.

சரி, ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன பதில்? 276சிசி அவருக்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. தானாகத் தாக்கல் செய்ய வேண்டிய கெடுவைத் தவறவிட்டாலும், மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் போட்டுவிட்டாலோ, டிடிஎஸ்ஸும் முன்வரியும் போக நிற்கும் பாக்கி 10,000 ரூபாயைத் தாண்டாவிட்டாலோ சிறை வழக்கு கிடையாது. 2019க்கு முன் இந்த வரம்பு வெறும் 3,000. ஆனால் துறை நோட்டீஸ் அனுப்பிக் கேட்டும் போடாவிட்டால் அந்த வாசல் உதவாது. இதெல்லாம் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. பழைய ஆண்டுகளின் கணக்கு பழைய சட்டத்தோடுதான்.

ஏட்டில் பார்த்தால் 1961ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமே கொடியதாக இருந்தது. ஏய்த்திருக்கக்கூடிய வரி 25 லட்சத்தைத் தாண்டினால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்றிருந்தது. அமெரிக்காவில் ரிட்டர்ன் போடாதது சிறு குற்றம், ஆண்டுக்கு ஓராண்டுச் சிறைதான் உச்சம். வழக்குகள் முடிந்த விதமோ வேறு. நான்கு மாதத்தில் முடிக்கச் சொன்ன எழும்பூர் விசாரணை தீர்ப்பையே எட்டவில்லை. துறையோடு சமரசம் பேசி, ஏறத்தாழ 2 கோடி ரூபாய் கட்டி, 2015 தொடக்கத்தில் வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. சட்டமே அனுமதிக்கும் வழி அது.

உச்ச நீதிமன்றத்தில் வென்ற விமானிக்கு மறுவிசாரணை நடந்தது. இந்த முறை நீதிபதி சரியாகவே அறிவுறுத்தினார். கூலி வருமானம் அல்ல என்று அவர் மனதார நம்பினார் என்பதைத்தான் ஜூரி நம்பவில்லை. தண்டனை 366 நாள். அந்த ஒரு நாள் கூடுதலும் கொடுமையல்ல, சலுகை. ஓராண்டைத் தாண்டிய தண்டனைக்கு மட்டுமே அங்கே நன்னடத்தைக் கழிவு உண்டு.