பெயரும் சூத்திரமும்: சிக்கற் சேர்வைகளும் ஈழத்துத் தமிழ்க் கலைச்சொல் மரபும்

இரசாயனவியலில் ஒரு சேர்வையின் பெயர் அதனைச் சுட்டுவதோடு அமைவதில்லை. அப்பெயரைக் கேட்ட அளவிலே அதன் சூத்திரத்தை எழுதிவிடக் கூடியதாயிருத்தல் வேண்டும். இவ்வியல்பு மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுமிடம் சிக்கற் சேர்வைகளின் பெயரீடாகும். தமிழ்நாட்டார் இவற்றை அணைவுச் சேர்மங்கள் என்பர். இப்பெயர்களைத் தமிழ் எவ்வாறு தாங்கி வந்துள்ளது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்தில் இரசாயனத்தைத் தமிழில் எழுதும் முயற்சி மானிப்பாயிலே வேரூன்றியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ்ச் சொல்லை முதலில் தேடுதல், அது கிடையாவிடத்து வடமொழியை நாடுதல், ஈற்றிலேயே ஆங்கிலத்தைத் தழுவுதல் என்னும் நெறியைக் கைக்கொண்டவர். எனினும் 1875 இல் வெளிவந்த அவரது இரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் பெற்றது. பொதுச் சொற்களுக்கு வழிகாட்டிய நெறி, புதிய விஞ்ஞானமொன்றின் பெயருக்கு முன் ஒலிபெயர்ப்புக்கு இடங்கொடுத்தது நோக்கற்பாலது.

அந்நூல் வெளிவந்த காலத்தில் சிக்கற் சேர்வைகளின் அமைப்பு எவருக்கும் விளங்கியிருக்கவில்லை. 1852 இல் பிரெஞ்சு அறிஞர் பிறெமி கோபாற்றுச் சேர்வைகளுக்கு அவற்றின் நிறங்கொண்டே பெயரிட்டார். மஞ்சள் நிறத்தது லூத்தியோ எனவும், செவ்வூதா நிறத்தது பர்ப்பூரியோ எனவும் வழங்கின. பச்சை நிறத்தது பிரசியோ எனப்பட்டது. நிறப்பெயரிலிருந்து எவரும் சூத்திரத்தை எழுதிவிட முடியாது. 1893 இல் சூரிச் நகரத்து அல்பிரட் வேணர் உலோக அணுவைச் சூழ்ந்து குறித்த எண்ணிக்கையான இணையிகள் நேரே பிணைந்திருக்கும் என்ற கொள்கையை முன்வைத்தார். 1913 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உட்கோளத்திலுள்ள குளோரீன் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலுடன் உடனே வீழ்படிவு தராது. வெளியே அயனாக இருப்பதே தரும். லூத்தியோச் சேர்வையின் மூன்று குளோரீன்களும், பர்ப்பூரியோவின் இரண்டும், பிரசியோவின் ஒன்றும் வீழ்படிவதன் காரணம் இதுவே. இவ்வுள், வெளி வேறுபாட்டையே இன்று சூத்திரத்தில் சதுர அடைப்புக்குறி காட்டுகின்றது. உலோகத்தின் ஒட்சியேற்ற எண்ணை உரோம எண்ணாற் குறிக்கும் முறையை 1919 இல் அல்பிரட் ஸ்ரொக் வகுத்தார். அவ்வெண்ணை ஈண்டு வழக்கமான இலக்கத்தாலேயே குறிப்போம்.

அறு-அம்மைன்-கோபாற்று(3) குளோரைட்டு என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் தொகைச் சொல்லில் அடைகள் முன்னிற்கத் தலைமைச் சொல் பெரும்பாலும் ஈற்றில் நிற்கும். இப்பெயரின் முதற்பகுதியிலும் தலைமையாகிய உலோகம் ஈற்றிலேயே நிற்கின்றது. சூத்திரத்திலோ உலோகம் அடைப்புக்குறியினுள் முதலில் வரும். ஆகவே மாணவன் தொகையை ஈற்றிலிருந்து விரித்தல் வேண்டும். கோபாற்று ஒன்று, அம்மைன் எனப்படும் அமோனியா மூலக்கூறு ஆறு. அமோனியாவுக்கு ஏற்றமில்லை, எனவே சிக்கலயனின் ஏற்றம் கோபாற்றினுடையதாகிய நேர் மூன்றே. அதனைச் சமன்செய்ய அடைப்புக்குறிக்கு வெளியே மூன்று குளோரைட்டு வேண்டும். பெயரில் ‘மூன்று குளோரைட்டு’ என்று கூறப்படாமைக்கு அது கணக்கிடக் கூடியதாயிருத்தலே காரணமாகும்.

பொற்றாசியம் அறு-சயனோ-பெரேற்று(2) என்பதில் ஆறு சயனைட்டின் ஏற்றம் எதிர் ஆறு. இரும்பினது நேர் இரண்டு. எஞ்சுவது எதிர் நான்கு. ஆகவே பொற்றாசியம் நான்கு. அடைப்பிலுள்ள எண் மூன்றாயின் பொற்றாசியமும் மூன்றாகும். பழைய வழக்கில் இவ்விரண்டும் பெரோசயனைட்டு, பெரிசயனைட்டு எனப்பட்டன. ஓர் உயிர்மெய்யின் வேறுபாட்டில் ஒரு பொற்றாசிய அணு தங்கியிருந்தது.

எழுத்து வேறுபாடு பொருள் வேறுபாடாகும் மற்றோரிடம் அம்மைன் என்னும் சொல்லாகும். இணையியாக நிற்கும் அமோனியா அம்மைன். சேதனச் சேர்வையாகிய அமைன் வேறு. மகரம் இரட்டித்தலே இவற்றைப் பிரிக்கின்றது. தமிழெழுத்து இவ்விரட்டிப்பைத் தெளிவாகக் காட்டவல்லது. ஆயின் நம் நாட்டு வழக்கில் அமோனியா ஒற்றை மகரத்துடன் எழுதப்படுவதால், அம்மைனின் பிறப்பு மாணவனுக்குப் புலனாவதில்லை. எழுத்துக்கூட்டல் பற்றிய இணக்கம் அழகுணர்ச்சி சார்ந்ததன்று, பொருள் சார்ந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கலைச்சொல்லாக்கத்துக்கும் திருகோணமலைக்கும் உள்ள தொடர்பு ஈண்டு நினைக்கத்தக்கது. சுவாமி விபுலாநந்தர் தமிழறிஞராக மட்டுமன்றி, விஞ்ஞானம் கற்றுக் கற்பித்தவராகவும் விளங்கினார். திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் இருந்தபோது அவர் அங்கும் பணியாற்றினார். 1936 இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் தொகுதி 1938 இல் வெளிவந்தது. பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது.

ஈழத்து வழக்கு எண்ணடைகளைத் தமிழாக்கிப் புணர்ச்சியோடு சேர்த்தது. காபனீரொட்சைட்டு, காபன் நாற்குளோரைட்டு என்பன செவிக்கு இனியன. ஆனால் சிக்கற் சேர்வையின் பெயரில் மூட்டுகள் மறைதலாகாது. நால்-அம்மைன்-இரு-குளோரோ-கோபாற்று(3) குளோரைட்டு என்பதைப் புணர்த்தெழுதினால், எங்கே வெட்டுவதென்று மாணவன் திகைப்பான். பதம் பிரித்தற்கே இங்கு முதலிடம். இணையிகளை ஆங்கில அகரவரிசையில் நிறுத்தும் சர்வதேச விதியும் ஒரு சிக்கலைத் தருகின்றது. அவ்வரிசையில் குளோரோவுக்கு முன் புரோமோ வரும். தமிழ் நெடுங்கணக்கிலோ ககரமே பகரத்துக்கு முந்தியது. 2005 ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் குளோரோவைக் குளோரிடோ ஆக்கின. உலக வழக்கு மாறுந்தோறும் நம் சொற்றொகுதிகளும் திருத்தம் பெறல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாது? கொட்டியாரக் குடாவை அண்டிய சம்பூரை எண்ணிப் பார்ப்போம். 2006 இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களுட் பெரும்பாலார் நெடுங்காலம் தற்காலிகக் குடில்களில் வாழ்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே ஊர் திரும்பினர். அத்தகைய வாழ்வில் ஆய்வுகூடத்தை உடன்கொண்டு செல்லல் இயலாது. புத்தகமும் தாளும் பென்சிலுமே எஞ்சும். பெயரிலிருந்து சூத்திரம் எழுதுதல் அவற்றைக் கொண்டே கற்கத்தக்க கலையாகும். அங்ஙனம் கற்பவனுக்குப் பிழையைத் திருத்தப் பரிசோதனைக் குழாயும் இல்லை. பெயர் ஒன்றே வழிகாட்டி. அப்பெயர் நூலுக்கு நூல் வேறுபடின் அவன் கணக்கும் பிழைக்கும். உயர்தர வகுப்பு வரை தமிழிற் கற்று, ஆங்கிலத்திற் போதிக்கும் விஞ்ஞான பீடத்தினுட் புகும்போது, அவன் கற்ற சொற்கள் பல பின்தங்கிவிடும். சூத்திரமோ மாறாது உடன்வரும். அச்சூத்திரத்துக்கு அவனைப் பிழையின்றி இட்டுச் செல்லும் பெயர்களை ஒரே நெறியில் அமைத்துக் கொடுத்தல் தமிழறிஞரும் இரசாயனவியலாரும் கூடி ஆற்றவேண்டிய கடமையாகும்.