கைசர் தேடிய கடிதங்கள்

தமிழ் வாசகர்களுக்கு ஷெர்லாக் ஹோம்ஸைத் தெரிந்த அளவுக்கு ஆர்சேன் லுப்பேனைத் தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு நேர்மாறு. முதலில் லுப்பேன்தான், ஹோம்ஸ் பிறகுதான் வந்தார். (பேரப்பிள்ளைகள் நெட்ஃபிளிக்ஸ் பார்த்துவிட்டு 'லூபின்' என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.) இந்தக் கனவான் திருடனைப் படைத்தவர் ருவான் நகரத்துக்காரர் மோரீஸ் லெப்லான். முதல் கதை 1905 ஜூலையில் வந்தது. அதே வருடம் மார்ச்சில்தான் ஜெர்மனியின் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மொராக்கோவின் டாஞ்சியரில் போய் இறங்கி, பிரான்சைச் சீண்டிவிட்டுப் போயிருந்தார்.

லெப்லான் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது 1910ல் வெளிவந்த '813'. பெயரே ஒரு எண்தான். பாரீசில் ஒரு பெரிய ஓட்டலில் வைர வியாபாரி கெஸ்ஸல்பாக் கொலையாகிறார். பழி லுப்பேன் மேல் விழுகிறது. திருடுவானே தவிர, கொலை செய்யாதவன் அவன். உண்மைக் கொலைகாரனைத் தேடிப் போகப் போக, விஷயம் ஜெர்மனியில் வெல்டென்ஸ் என்ற பாழடைந்த கோட்டைக்குப் போகிறது. அங்கே எங்கோ சில ரகசியக் கடிதங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவை வெளிவந்தால் ஐரோப்பிய அரசியலே ஆட்டம் கண்டுவிடும். அந்தக் கடிதங்களுக்காக, பாரீசின் சாந்தே சிறையில் இருக்கும் லுப்பேனைப் பார்க்க ஒருவர் ரகசியமாக வருகிறார். வந்தவர் சாட்சாத் கைசரே!

படித்த காலத்தில் இது ஒரே புளுகாகத் தோன்றும். ஒரு சக்கரவர்த்தி, நாலு காகிதத்துக்காகத் திருடனின் சிறை அறைக்கு வருவாரா? பின்னாளில் சரித்திரம் படித்தபோதுதான், அந்த மனிதர் காகிதத்துக்காக என்னென்ன செய்திருக்கிறார் என்பது தெரிந்தது.

அவருடைய தந்தை மூன்றாம் பிரெடெரிக் 1888ல் தொண்டைப் புற்றுநோயோடு அரியணை ஏறி, 99 நாட்களில் இறந்துபோனார். தாய் விக்டோரியா, இங்கிலாந்து ராணியின் மூத்த மகள். தந்தை கண்ணை மூடிய ஜூன் 15 அன்றே, மகன் போட்ஸ்டாம் அரண்மனையைச் சுற்றிப் படைவீரர்களை நிறுத்தினார். பெற்றோரின் தனிப்பட்ட காகிதங்கள் இங்கிலாந்துக்குப் போய்விடக் கூடாது என்பது அவர் எண்ணம். அறைகளைத் துழாவியும் பயனில்லை. முக்கியமானவை முந்தைய வருடமே வின்ட்சருக்குப் போய்விட்டன.

1901ல் இன்னொரு முறை. தாய் பிராங்பர்ட் பக்கத்திலுள்ள தன் மாளிகையில் மரணப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தம்பி, ஏழாம் எட்வர்ட் மன்னர். மன்னரின் செயலாளர் பிரெடெரிக் பொன்சன்பியை அந்த அம்மா தனியே அழைத்து, தாம் எழுதிய கடிதங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். மகனுக்குத் தெரியக் கூடாது. நள்ளிரவில் வந்து சேர்ந்தவை இரண்டு பெரிய பெட்டிகள். பொன்சன்பி ஒன்றின் மேல் 'புத்தகங்கள்' என்றும் மற்றதன் மேல் 'பீங்கான்' என்றும் எழுதி, கைசரின் ஆட்கள் கண்ணெதிரிலேயே தன் சாமான்களோடு ஏற்றிச் சென்றார். காலமெல்லாம் கோப்பு கட்டிய குமாஸ்தா நான். மேலே ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் உள்ளே என்ன என்று யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கடிதங்கள் அச்சில் வந்தது 1928ல். அப்போது கைசர் பதவி இழந்து, ஹாலந்தில் டோர்ன் என்ற ஊரில் இருந்தார். தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் ஜெர்மன் பதிப்புக்குத் தாமே முன்னுரை எழுதினார்.

லெப்லான் 1910ல் எழுதும்போது பெட்டி விவகாரம் வெளியே வந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் தாய்க்கும் மகனுக்கும் இருந்த பகை ஐரோப்பா முழுக்கத் தெரியும். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கற்பனையால் போய்ச் சேர்ந்த இடம், உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். அல்சாஸ், லொரேன் மாகாணங்களை 1871ல் ஜெர்மனியிடம் பறிகொடுத்த நாட்டு வாசகர்களுக்கு, ஒரு பிரெஞ்சுத் திருடனின் உதவியைக் கைசர் நாடி வருவது எவ்வளவு இனித்திருக்கும்!

1917ல், யுத்தத்தின் நடுவில், '813' இரண்டு பாகங்களாக மறுபதிப்பு கண்டது. அப்போது லெப்லான் கதையைத் திருத்தி, ஜெர்மனி மீதான வெறுப்பைக் கூட்டினார். யுத்த காலத்தில் அப்படி எழுதியதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தபோது, எத்ரெதா கடற்கரையில் இருந்த தன் வீட்டை விட்டு லெப்லான் தெற்கே பெர்ப்பிஞானுக்குப் போய்விட்டார். அங்கே 1941 நவம்பரில் இறந்தார். அதே வருடம் ஜூனில் டோர்னில் கைசர் காலமாகியிருந்தார்.