வெள்ளறுகு: ஏரிக்கரையின் ஜென்ஷியன்

கி.மு. 168இல் உரோமரிடம் தோற்று நாடிழந்தவன் இல்லிரிய மன்னன் ஜென்ஷியஸ். ஆல்ப்சு மலைச்சரிவில் நீலமாகவும் மஞ்சளாகவும் பூக்கும் ஒரு கைப்புச் செடியின் மருத்துவப் பயனை முதலில் கண்டவன் அவனே என்று பிளினி எழுதினார். அரசு மறைந்தது; ஜென்ஷியன் என்னும் செடியின் பெயரில் அவன் பெயர் நின்றது. அதன் வேர் ஐரோப்பிய மருத்துவத்தில் பசியூட்டியாக நெடுங்காலம் வழங்கியது. (மருத்துவமனைகளில் புண்ணுக்குத் தடவிய ‘ஜென்ஷியன் வயலெட்’ வெறும் சாயமே. பூவின் நிறத்தை ஒட்டிய பெயரன்றி வேறு உறவில்லை.)

இக்குடும்பம் தமிழர்க்கு அயலானதன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி உள்ளிட்ட தொண்டை மண்டலச் சமவெளிக்குரிய வெள்ளறுகு இக்குடும்பத்ததே. முழ உயரம், எதிரெதிராக ஒடுங்கிய இலைகள், இலைக்கக்கத்தில் காம்பின்றி ஒட்டிய சிறு வெண்பூக்கள். பெயரில் அறுகு இருப்பினும் இது புல்லன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் லமார்க் இதனை ஜென்ஷியன் இனத்திலேயே வைத்துப் பெயரிட்டார். பிற்காலத்தார் தனியினமாகப் பிரித்தனர்.

பூவினும் சமூலமே, அதாவது வேர் முதல் பூ வரை முழுச்செடியுமே, சித்த மருத்துவர்க்கு வேண்டுவது. வாதத்துக்கும் சொறி சிரங்குக்கும் பசியின்மைக்கும் அதனைப் பயன்படுத்தினர். குசராத்தில் மாமெஜவோ என்னும் பெயரில் நீரிழிவுக்கு இதனையே உண்கின்றனர். கைப்புக்குக் காரணமான சுவெர்ஷியாமரின் என்னும் பொருளை ஆய்வாளர் பிரித்தெடுத்துள்ளனர்.

கைப்பு மருந்துகளில் பெயர் மயக்கம் மிகுதி. இமயத்தில் விளையும் கிராத திக்தம் ஜென்ஷியன் குடும்பத்தது. நிலவேம்போ ஆடாதோடையின் குடும்பத்தது. 2012இல் டெங்குக் காய்ச்சலின்போது தமிழகமெங்கும் வழங்கப்பட்ட குடிநீரில் இருந்தது இந்த நிலவேம்பே. எனினும் கைப்பு ஒன்றே அளவுகோலாக இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தோர் பலர். வெள்ளறுகு அந்தப் புகழில் பங்கு பெறவில்லை.

இலக்கியத்திலும் அதற்கு அதே நிலைதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களுள் இது இல்லை. குறிஞ்சி நிலத்துப் பாட்டில் சமவெளிச் செடியைத் தேடுவது முறையன்று எனலாம். ஆனால் அப்பட்டியலில் மருதத்தின் தாமரையும் நெய்தலின் தாழையும் உள்ளனவே! வெள்ளறுகுக்குச் செய்யுளில் இடம் தந்தோர் மருத்துவர்களே. குணபாட நூல்களில் பூவின் அழகை விடுத்து நோயையும் பயனையும் யாப்பில் வைத்தனர்.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. பின்னர் மனைப்பிரிவுகள் மேய்ச்சல் வெளிகளை விழுங்கின. அம்பத்தூர் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் எஞ்சியுள்ளன. பூவின் பெயர் தாங்கிய பூவிருந்தவல்லியிலும் வெள்ளறுகைப் பெயர் சொல்லிக் காட்டவல்லார் மிகச் சிலரே.